தோட்டத்து ஊரிலிருந்து கையைக் கடிக்காத சுற்றுலா: கொஞ்சம் இடம், கொஞ்சம் அரசியல்

கேள்வி இது: "மலேசியாவில் தோட்டப்புறச் சிற்றூர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் செலவில்லாமல் விடுமுறைக்கு எங்கே போகிறார்கள்? உள்ளூர் அரசியல்வாதிகளால் இதில் ஏதாவது பயன் உண்டா?"

நான் இருப்பது பேராக் மாநிலத்தின் வடக்கே. சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப்பனை), நடுவில் ஒரு கடைத்தெரு, அவ்வளவுதான் ஊர். ஆகவே என் பதில் இந்தப் பக்கத்துக்குத்தான் பொருந்தும். ஜொகூர்க்காரரைக் கேட்டால் வேறு இடங்களைச் சொல்வார்.

முதலில் பணம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில் வாடகை, மோட்டார் தவணை, பள்ளி வேன் எல்லாம் போக மிஞ்சுவதை வைத்துக்கொண்டு தம்புனில் இருக்கும் பெரிய தண்ணீர்ப் பூங்காவுக்கு ஐந்து பேருக்கு டிக்கெட் எடுப்பது நடக்கிற காரியமா? அதனால் எங்கள் வழக்கம், டிக்கெட் இல்லாத இடம், டோல் இல்லாத பழைய ரோடு, வீட்டில் கட்டிய புளிச்சோறு.

இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பெயர் தைப்பிங் ஏரிப் பூங்கா. ஈயம் தோண்டிவிட்டுப் போட்ட பள்ளங்களை 1880-களில் பூங்காவாக மாற்றியிருக்கிறார்கள். கரையில் நிற்கும் கிழட்டுத் தூங்குமூஞ்சி மரங்கள் ரோட்டைத் தாண்டி ஏரித் தண்ணீரைத் தொடுகிற அளவுக்குக் கிளை நீட்டியிருக்கும். பாயை விரித்து உட்கார்ந்தால் காலை முழுக்கப் போய்விடும். மதியத்துக்கு மேல் நம்ப முடியாது, மழைக்குப் பேர்போன ஊர் அது. மிருகக்காட்சிசாலையும் பக்கத்திலேயே இருப்பதுதான் சிக்கல். அதற்கு டிக்கெட் உண்டு, பிள்ளைகள் கண்ணில் அந்த வாசல் பட்டுவிட்டால் அப்புறம் சமாதானம் சொல்லி மாளாது. காடியை (காரை) எதிர்ப் பக்கம் நிறுத்துங்கள்.

தைப்பிங் போகிற வழியிலேயே கோலகங்சார். உபுடியா பள்ளிவாசலை வெளியே நின்று பார்ப்பதற்கே ஒரு பயணம் போகலாம். மாவட்ட அலுவலகத்துப் பக்கத்தில் ஒரு பழைய பால்மரம், அதாவது ரப்பர் மரம், நிற்கிறது. 1877-இல் நட்ட கன்றுகளில் மிஞ்சிய ஒன்று. அந்தக் கன்றுகளை நம்பித்தான் பின்னால் தோட்டங்கள் வந்தன, நம் ஆட்களைக் கப்பல் ஏற்றினார்கள். பிள்ளைகளுக்கு அது வெறும் மரம், நின்று பார்க்க மாட்டார்கள். காலமெல்லாம் மரம் சீவிய என் அத்தை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுல ஒரு வெட்டுக்கு எத்தனை மங்கு பால் வரும்னு எவனாவது பார்த்தானா?" என்று கேட்டார். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் காராயில் பழைய விக்டோரியா ரயில் பாலம் இருக்கிறது. 1900-இல் கட்டி முடித்தது. ஓரத்து நடைபாதையில் நடந்து பேராக் ஆற்றைப் பார்க்கலாம், காசு கிடையாது.

சனிக்கிழமை குளிக்க வேண்டும் என்றால் செம்மோர் பக்கம் உலு செப்போர் அருவி. மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயிலாக இருக்கும்போதே வெள்ளம் திடீரென்று இறங்கும். மலாய்க்காரர்கள் இதைக் கெப்பாலா ஆயேர் என்பார்கள். தண்ணீர் கலங்கியதும் பிள்ளைகளைக் கரையேற்றிவிடுங்கள், துணியை அப்புறம் தேடலாம்.

தோட்டத்துக் கோயில் திருவிழாவை விட்டுவிட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. தோட்டத்தில் ஆளே இல்லாமல் போன பிறகும் திருவிழாவுக்கு மட்டும் கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து சேர்வார்கள். அன்னதானம், பலூன் கடை, பழைய பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் உண்டு. பலருக்கு வருடத்தின் பெரிய சுற்றுலாவே அதுதான்.

இனி அரசியல். ஒரு குடும்பம் செலவில்லாமல் அரை நாள் வெளியே இருக்க என்ன வேண்டும்? நிழல், உட்கார இடம், உடையாத ஊஞ்சல், தண்ணீர் வருகிற கழிவறை. எங்கள் ஊர் போன்ற இடத்தில் இதெல்லாம் பெரும்பாலும் நகராண்மைக் கழகத்தின், அதாவது நகராட்சியின், கையில் இருக்கிறது. ஆனால் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பேசும்போது மத்திய அரசு இருக்கும் புத்ராஜெயா வரும், சென்னைகூட வரும், நகராண்மைக் கழகம் மட்டும் வரவே வராது. காரணம் ஒன்றுதான், நாம் அதற்கு ஓட்டுப் போடுவதில்லை.

ஒரு காலத்தில் போட்டோம். ஜார்ஜ்டவுன் மாநகரத்தின் முதல் மேயராக 1957-இல் வந்தவர் டி.எஸ். ராமநாதன். ஈப்போ நகர மன்றத்தைச் சீனிவாசகம் சகோதரர்களின் கட்சி நடத்தியது. ஈப்போவில் தம்பி டி.ஆர். சீனிவாசகத்தின் பெயரில் ஒரு பூங்கா இன்னும் இருக்கிறது. மீன் குளம், ஜப்பானியத் தோட்டம், பிள்ளைகள் விளையாட இடம், எல்லாமே இலவசம். ஈப்போவுக்கு வேலையாகப் போகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவது இந்தப் பூங்காவை நம்பித்தான்.

1965-இல் இந்தோனேசியாவுடன் மோதல் இருந்த சமயத்தில் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். அத்தி நாகப்பன் தலைமையில் ஓர் அரச விசாரணை ஆணையம் அமைந்தது, தேர்தலைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று அது பரிந்துரைத்தது. யாரும் கேட்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் தேர்தலுக்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. அன்றிலிருந்து உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. நடைமுறையில் ஆளும் கட்சிகள் இடங்களைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. எங்கள் ஊருக்கு உறுப்பினர் யார் என்று கடைத்தெருவில் கேட்டுப் பாருங்கள், உதட்டைப் பிதுக்குவார்கள்.

தோட்டத்தில் இருந்தபோது இன்னொரு தொல்லை. அது தனியார் நிலம். ரோடு, சாக்கடை, பையன்கள் பந்து விளையாடும் திடல் எல்லாமே கம்பெனியுடையது, பொதுப் பணம் உள்ளே வராது என்றுதான் எப்போதும் பதில் கிடைக்கும். தோட்டம் கைமாறினால் திடலும் போகும். லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டுத் தாமானுக்கு (வெளியே உள்ள வீடமைப்புப் பகுதிக்கு) வந்த பிறகு நிலைமை வேறு. வருடத்துக்கு இரண்டு முறை மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். கேட்கிற உரிமை அந்த ரசீதில் இருக்கிறது, எங்கள் ஆட்களுக்கு அது இன்னும் உறைக்கவில்லை.

எங்கள் தாமான் திடலில் சறுக்குமரம் உடைந்து கிடந்தது. வழக்கப்படி ஒரு கட்சிக் கிளைத் தலைவரிடம் சொன்னோம். வந்தார், சறுக்குமரத்தோடு படம் எடுத்துக்கொண்டார், போய்விட்டார். பிறகு பக்கத்து வீட்டு அக்கா மலாயில் ஒரு கடிதம் எழுதினார். உடைந்த இடத்தின் படங்கள், சுற்றியுள்ள வீடுகளின் வரிக் கணக்கு எண்கள், எல்லார் கையெழுத்தும் சேர்த்து, ஒரு பிரதியைச் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்பிவிட்டு, மூலக் கடிதத்தை முகப்பில் கொடுத்து "பெற்றுக்கொண்டோம்" என்று சாப்பு (முத்திரை) குத்தி வாங்கிக்கொண்டு வந்தார். சறுக்குமரம் புதிதாக வந்தது. திடலோரத்துக் கழிவறை மட்டும் இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. ஆகவே என் அனுபவத்தில் வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை, சாப்பு குத்திய காகிதத்துக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு.

அரசியல்வாதிகள் சும்மா இருக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. கூடாரம் போட்டுக் குடும்ப தினம் நடத்துவார்கள். அதிர்ஷ்டக் குலுக்கு, டீசட்டை, பிள்ளைகளுக்குப் புத்தகப் பை எல்லாம் கிடைக்கும். சில சமயம் பஸ் பிடித்துப் பத்துமலைக்குக்கூட அழைத்துப் போவார்கள். என் அம்மா முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார், எனக்கும் அதில் வருத்தமில்லை. ஆனால் ஒலிபெருக்கிக்கும் கூடாரத்துக்கும் கொடுத்த வாடகையில் திடலுக்கு எத்தனை பெஞ்சு போட்டிருக்கலாம் என்று மனம் கணக்குப் போடத்தான் செய்கிறது. தொகுதி மானியத்திலும் ஒரு கோணல் உண்டு. பல மாநிலங்களில் எதிர்க்கட்சி உறுப்பினருக்குக் குறைவாகத்தான் கிடைக்கும், அல்லது கிடைக்கவே கிடைக்காது. யார் ஜெயித்தார் என்பதைப் பொறுத்துப் பிள்ளைகளின் ஊஞ்சல் ஆடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது. முன்னே சொன்ன 1976 உள்ளாட்சிச் சட்டத்தின் 23-வது பிரிவின்படி, கழகம் வேறு மாதிரி தீர்மானித்தாலொழிய அதன் கூட்டங்களில் பொதுமக்கள் போய் உட்காரலாம். உறுப்பினர்களில் பெரும்பாலோர் அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. தேர்தல் சமயத்தில் வாசலுக்கு வந்த ஒரு வேட்பாளரிடம் இதையே பிடித்துக்கொண்டேன். "எங்க ஊர்லயே குடியிருக்கிற ஆள் ஒருத்தரை அனுப்புவீங்களா அண்ணே? அவர் போன் நம்பரைத் திடல் பலகையில எழுதி வைப்பீங்களா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒரு நாட்காட்டியைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அவருடைய படம் பன்னிரண்டு மாதத்திலும் இருக்கிறது, நம்பர்தான் ஒன்றுகூட இல்லை.