மலம் அடங்கவில்லை: பிரசவமா, குடல் நோயா?

கேள்வி: எனக்கு வயது 29. 6 வருடங்களாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் உண்டாகும் நோய்) இருக்கிறது. மாத்திரையில் கட்டுக்குள் இருந்தது. 4 மாதங்களுக்கு முன் முதல் குழந்தை பிறந்தது. ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். ஆசனவாய்த் தசை வரை கிழிந்து தையல் போட்டதாகச் சொன்னார்கள். தாய்ப்பாலுக்கு ஆகாது என்று பயந்து மெசலமைன் மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். இப்போதெல்லாம் வயிறு முடுக்கினால் கழிவறைக்குப் போவதற்குள் உடையில் பட்டுவிடுகிறது. காற்றையும் அடக்க முடியவில்லை. "பிள்ளை பெற்ற உடம்பு, போகப் போகச் சரியாகும்" என்கிறார்கள் வீட்டில். கணவரிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. இது பிரசவத்தால் வந்ததா, என் நோயா? அடுத்த குழந்தைக்கு சிசேரியன்தான் வழியா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அந்த மாத்திரை. மெசலமைன் சாப்பிட்டுக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம். குழந்தைக்கு வழக்கத்தைவிட அதிகமாக வயிற்றால் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். இதே நோய்க்குத் தரும் அசாதியோப்ரின், இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற மருந்துகளையும் பாலூட்டும் தாய்மார்களுக்குக் கொடுக்கிறோம். மெத்தோட்ரெக்ஸேட், டோஃபாசிடினிப் போன்ற சிலதான் ஆகாது. உங்களைப் போலப் பயந்துபோய்த் தாங்களாகவே மருந்தை நிறுத்துகிறவர்கள் நிறைய. குடல் மறுபடி புண்ணாவதற்கு அதுவே பெரிய காரணமாகிவிடுகிறது. இந்த வாரமே உங்கள் குடல் மருத்துவரிடம் பேசி மருந்தைத் திரும்பத் தொடங்குங்கள்.

இனி, பிரசவமா நோயா என்ற கேள்வி. இரண்டும் சேர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். ஆசனவாயில் இரண்டு சுருக்குத்தசைகள் உண்டு. உள்தசை நம்மைக் கேட்காமலே எப்போதும் மூடியிருக்கும். வெளித்தசையை அவசரத்துக்கு நாம் இறுக்கிப் பிடிக்கிறோம். ஆயுதப் பிரசவத்திலும், முதல் பிரசவத்திலும், குழந்தை 4 கிலோவுக்கு மேல் இருந்தாலும் இவை கிழியும் அபாயம் கூடுகிறது. அவற்றுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பும் இழுபட்டுத் தளரலாம். குடல் நோய் இல்லாத பெண்ணுக்கு இதே காயம் பட்டால், மலம் கெட்டியாக இருப்பதால் பலசமயம் வெளியே தெரியாமலே சமாளித்துவிடுவாள். உங்களுக்கு அந்த வசதி இல்லை. அழற்சி இருக்கும் மலக்குடல் விரிந்து கொடுக்காது. கொஞ்சம் வந்தாலே நெருக்கும். வருவதும் தண்ணீராக வருகிறது. கிழிந்து ஆறிய தசை அதைத் தடுத்து நிறுத்த வேண்டும்.

எது எவ்வளவு என்று பிரிக்க ஒரு வாரம் குறித்து வையுங்கள். ஒவ்வொரு முறை கசியும்போதும் ஒரே ஒரு கேள்வி: முடுக்கி, அடக்கப் பார்த்து முடியாமல் போனதா, அல்லது தெரியாமலே உடையில் பட்டிருந்ததா? தெரியாமல் கசிந்தால் உள்தசை மேல் சந்தேகம். முடுக்கிய பிறகு நழுவினால் வெளித்தசையாகவோ மலக்குடல் அழற்சியாகவோ இருக்கலாம். ரத்தம், சளி, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு ஆகியவை இருந்தால் நோய் தலைதூக்கியிருக்க வாய்ப்பு அதிகம். பிறப்புறுப்பு வழியாகக் காற்றோ மலமோ வந்தால் மட்டும் நாள் கடத்தாதீர்கள். அது மலக்குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே பாதை விழுந்திருப்பதன் அறிகுறி.

சோதனைகளில் எளிதானது மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவு பார்ப்பது. குடலில் அழற்சி இருந்தால் அது ஏறும். வெறும் தசைக் கிழிசலில் ஏறாது. தசையைப் பார்க்க ஆசனவாய் வழியான ஸ்கேனும் அழுத்தம் அளக்கும் சோதனையும் உண்டு. போகும்போது பிரசவ டிஸ்சார்ஜ் தாளைக் கையோடு கொண்டுபோங்கள். கிழிசல் மூன்றாம் நிலையா (ஆசனவாய்த் தசை வரை), நான்காம் நிலையா (அதையும் தாண்டி உள்சவ்வு வரை) என்று அதில் எழுதியிருப்பார்கள். மருத்துவர் தானாகக் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம். "மோஷன் அடங்கவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆறாவது வாரப் பரிசோதனையில் தையலைப் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். இதைக் கேட்பவர்கள் குறைவு. எங்கள் தொழிலின் குறைதான் அது.

அழற்சி அடங்கினாலே உங்கள் தொல்லையில் கணிசமான பங்கு குறையலாம். அதோடு இடுப்புத்தளப் பயிற்சி. காற்றை அடக்குவதுபோல ஆசனவாயை உள்ளே இழுத்து, சில விநாடி பிடித்து, முழுதாகத் தளர விடுங்கள். தொடையும் பிட்டமும் இறுகக்கூடாது, மூச்சும் நிற்கக்கூடாது. 8 முறை வீதம், நாளைக்கு 3 வேளை. பலன் தெரியச் சில மாதங்கள் பிடிக்கும். சரியாகச் செய்கிறோமா என்று பலருக்குப் பிடிபடுவதில்லை என்பதால், முதலில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்வது நல்லது. வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையை வாங்கி நீங்களாகப் போடாதீர்கள். பெருங்குடல் புண்ணாகி இருக்கும்போது அது ஆபத்தில் கொண்டுபோய் விடும். தோல் எரிச்சலுக்கு ஜிங்க் ஆக்ஸைடு களிம்பு போதும்.

வீட்டார் சொல்வதில் பாதி உண்மை உண்டு. வெளித்தசை கிழிந்து, முறையாகத் தைக்கப்பட்ட பெண்களில் 60 முதல் 80 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்தில் தொந்தரவே இருப்பதில்லை. ஆனால் குடல் புண்ணாக இருக்கும் நீங்கள் சும்மா உட்கார்ந்து அந்த ஒரு வருடத்தை எண்ணக் கூடாது. கணவரிடமும் சொல்லிவிடுங்கள். ராத்திரியில் குழந்தையை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

அடுத்த பிரசவம். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. இன்னொரு வகைக் குடல் அழற்சியான கிரோன்ஸ் நோயில் ஆசனவாயைச் சுற்றிப் பவுத்திரமோ சீழ்க்கட்டியோ இப்போது இருக்கிறவர்களுக்கு சிசேரியனே சரி. பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலையே பைபோலச் செய்து உள்ளே தைத்துக்கொண்டவர்களுக்கும் பொதுவாக அதையே சொல்கிறோம். உங்களுக்குக் கேள்வி நோயைப் பற்றியதல்ல, பழைய கிழிசலைப் பற்றியது. அப்போதும் கசிவு நீடித்தாலோ, ஸ்கேனில் தசை சேராமல் இருந்தாலோ சிசேரியன் பக்கம்தான் நான் சாய்வேன். எல்லாம் நன்றாக இருந்தால் சுகப்பிரசவத்துக்கு முயலலாம். தலை வெளிவரும் நேரத்தில் வெதுவெதுப்பான துணி ஒற்றடம் வைப்பது பெரிய கிழிசலைக் குறைக்கிறது. சிசேரியன் தசையைக் காப்பாற்றும், குடல் அழற்சியைத் தடுக்காது. அதனால் எந்த வழியானாலும், நோய் அடங்கியிருக்கும்போது கருத்தரியுங்கள். மகப்பேறு மருத்துவரும் குடல் மருத்துவரும் ஏழாவது மாதத்துக்குள் பேசி முடிவெடுத்து, அதை உங்கள் கோப்பில் எழுதி வைத்திருக்க வேண்டும்.