மண்டபம் கடலில் படமெடுத்த உருண்டைப் பவளம்: ஃபேவியாவா, ஃபேவிட்டஸா?

நீங்கள் அனுப்பிய படங்களில் உள்ள பவளத்தை, பச்சை நிறத்தை வைத்து ஃபேவியா என்ற பேரினம் என்கிறீர்கள். நிறம் ஒரே இனத்திலேயே மாறும், நம்ப வேண்டாம். கிண்ணங்களின் (ஒவ்வொரு பவள உயிரும் இருக்கும் சிறு குழிகளின்) சுவரைப் பாருங்கள். அடுத்தடுத்த கிண்ணங்கள் ஒரே சுவரைப் பகிர்ந்தால் ஃபேவிட்டஸ் பேரினம். ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவர், இடையில் பள்ளம் என்றால் டிப்சாஸ்ட்ரேயா. (நம் பக்கத்து ஃபேவியாக்களுக்கு இப்போது இதுதான் பெயர். பழைய கையேடுகள் குழப்புவது இதனால்தான்.)

உங்கள் இரண்டாவது படத்தில் கிண்ணங்கள் சுவரைப் பகிர்வதாகத்தான் தெரிகிறது. ஆனால் கோனியாஸ்ட்ரியா என்ற இன்னொரு பேரினமும் அப்படித்தான். அதன் ரெட்டிஃபார்மிஸ் இனத்தில் கிண்ணம் ஏறக்குறைய 3-5 மி.மீ., நடுவைச் சுற்றிச் சிறு மடல்கள் கிரீடம்போல நிற்கும். ஃபேவிட்டஸ் அப்டிட்டா இனத்தில் கிண்ணம் 7-12 மி.மீ. வரும். படத்தில் அளவுகோல் இல்லையே!

மீண்டும் எடுக்கும்போது மி.மீ. ஸ்கேலை அருகில் பிடியுங்கள், தொடாமல். பாலிப்கள் (கிண்ணத்துக்குள் இருக்கும் பவள உயிர்கள்) சுருங்கியிருக்கும் பகல் நேரம் நல்லது. ஒளி பக்கவாட்டில் விழட்டும். நேர் ஃபிளாஷ் பள்ளத்தை மறைத்துவிடும். விளிம்பில் கிண்ணங்கள் உருமாறும், ஆகவே நடுப்பகுதியை எடுங்கள். துண்டு உடைக்காதீர்கள்: கடினப் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை.