கிளிப்லெஸ் பெடலிலிருந்து காலை எடுப்பது பெண்களுக்குக் கடினமா?

கிளிப்லெஸ் பெடல் என்பது ஷூவைப் பிடித்துக்கொள்ளும் சைக்கிள் பெடல். ஷூவின் அடியிலுள்ள கிளீட் என்ற சிறு துண்டு, பெடலின் ஸ்பிரிங் பிடியில் ‘டக்’கென்று மாட்டிக்கொள்ளும். பனிச்சறுக்குக் காலணிப் பிடியைப் பார்த்து பிரான்சின் லுக் நிறுவனம் 1984-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. குண்டு பல்பை ஹோல்டரிலிருந்து கழற்றுவது மாதிரிதான்: வெறுமனே இழுத்தால் வராது, திருப்பினால் வரும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். சிக்னலில் பதறிக் காலை மேலே இழுப்பவர்கள்தான் அப்படியே சாய்கிறார்கள். ஆணும் சாய்வார், பெண்ணும் சாய்வார்.

ஆனால் பாதம் சிறியதென்றால் நெம்புகோலும் குட்டை. அதே ஸ்பிரிங்கைத் திருப்பக் கூடுதல் விசை வேண்டும். பல பெண்களுக்கு வரும் சிரமத்தில் இதற்கும் பங்குண்டு. பெரும்பாலான பெடல்களில் அந்த இறுக்கத்தை ஆலன் கீ என்ற அறுகோணச் சாவியால் தளர்த்தலாம். முதல் நாளே செய்யவேண்டிய வேலை!

வேகத்தில் விழுந்தால் சைக்கிளோடு சிக்கிக்கொள்வோம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், விழும்போது கால் முறுகுவதால் கிளீட் பெரும்பாலும் தானே கழன்றுவிடும்.