தள்ளி எடுத்த சீட்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

கோவாவில் 15,000 ரூபாய் கட்டி ஆடும் போக்கர் சீட்டாட்டப் போட்டிகளில் இரண்டு வருடமாக ஆடுகிறேன். கொஞ்சம் லாபம்தான். போன மாதம் முதல்முறையாக ஒரு லட்ச ரூபாய் போட்டியில் உட்கார்ந்தேன். ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்த பணம். கட்டணத்தில் ஒரு பகுதியைப் பிறர் போட்டு, பரிசிலும் அதே அளவு எடுத்துக்கொள்ளும்படி பங்கு விற்கச் சொன்னார்கள்; ஜெயித்தால் வயிறெரியும் என்று விற்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மனம் நிற்கவே இல்லை. பபுள் சமயத்தில், அதாவது இன்னும் ஓரிருவர் வெளியேறினால் மீதிப் பேருக்குப் பரிசு என்ற கட்டத்தில், ரெய்ஸ் (ஒருவர் உயர்த்திய பந்தயம்) எவ்வளவு என்று சீட்டுப் போடும் டீலரிடம் ஒரே கையில், அதாவது ஒரே ஆட்டத்தில், இரண்டு முறை கேட்டேன். தியானம், ஹெட்ஃபோன், காபி எல்லாம் பார்த்தாயிற்று. கவனத்தை எப்படித் தக்கவைப்பது?

க., ஈரோடு

அன்புள்ள க.,

டீலரிடம் இரண்டு முறை கேட்டேன் என்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். மனம் கலைந்த இடத்தை இவ்வளவு சரியாகச் சொல்பவர்கள் குறைவு. அடுத்த முறை அந்தக் கேள்வி வாயில் வந்தால், கையில் ஏஸ் ஜோடி இருந்தாலொழிய சீட்டைக் கீழே போட்டு ஃபோல்ட் செய்துவிட்டு எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். ஒரு சுற்று முழுக்கப் போனாலும் சீட்டைப் பார்க்கும் முன்பே போடவேண்டிய கட்டாயப் பந்தயங்களான பிளைண்டும் ஆன்டியும் சேர்த்து இரண்டரை பிக் பிளைண்ட்தான் நஷ்டம்.

தியானம், காபி எல்லாம் உங்கள் இஷ்டம். ஹெட்ஃபோனை மட்டும் கழற்றிவிடுங்கள். முன்னால் ஒருவர் வாயால் சொன்ன ரெய்ஸ் காதில் விழாமல் சிப்ஸைத் தள்ளிவிட்டு, பிறகு மேலாளரைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைப்பது அசிங்கம்.

ஒன்பது பேர் மேஜையில் மணிக்கு முப்பது கை போனாலே அதிகம். எட்டு மணி நேரத்தில் 240. அதில் நீங்கள் ஆடுவது ஐம்பது இருக்கும். மீதி 190 கையிலும் விறைப்பாக உட்கார்ந்திருப்பவர் சாப்பாட்டு நேரத்துக்குள் தீர்ந்துபோவார். ஃபோல்ட் செய்த கையில் ஒரே ஒருவரை மட்டும் பாருங்கள். ரிவர் என்ற கடைசிப் பொதுச்சீட்டுக்கு முன்பே அவரிடம் என்ன இருக்கும் என்று மனதுக்குள் சொல்லிவைத்து, சீட்டைத் திருப்பும்போது சரிபாருங்கள். அடுத்த கை வரும்வரை விடுமுறை. உங்கள் சீட்டை வந்தவுடன் தூக்காதீர்கள். உங்கள் முறை வரும்வரை இடப்பக்கத்து இருவரைக் கவனியுங்கள். அவர்களிடம் 12 முதல் 20 பிக் பிளைண்ட் இருந்தால் உங்கள் ரெய்ஸுக்கு மேல் இருக்கும் சிப்ஸ் அத்தனையையும் வைத்து ஆல்-இன் தள்ளக் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதில் பாதியை 15,000 ரூபாய் மேஜையில் நீங்களே செய்துகொண்டுதான் இருப்பீர்கள். பிறகு ஏன் ஒரு லட்சத்தில் முடியவில்லை?

தம்பி, சீட்டைத் தள்ளி எடுத்துக்கொண்டு சீட்டாடப் போனால் மனம் எப்படி நிற்கும்? தள்ளுபடியிலேயே ஒரு தொகை போயிற்று. மாதத் தவணை பாக்கி. மேஜையில் ரெய்ஸ் எவ்வளவு என்பது காதில் ஏறாததற்குக் காரணம், அங்கே வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு எந்த மூச்சுப்பயிற்சியும் கிடையாது.

பரிசு பெறுவோர் சுமார் 15 சதவீதம். அந்த வாய்ப்பையே உங்களுடையதாக வைத்துக்கொண்டால், பத்துப் போட்டி ஆடி பத்திலும் வெறுங்கையோடு திரும்ப ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பபுளைத் தாண்டினாலும் பெரும்பாலும் கிடைப்பது கட்டியதைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு. அதிலும் வெற்றிக்கு 30 சதவீத வரி உண்டு. தோற்ற போட்டிகளுக்குக் கட்டியதை அதில் கழிக்க முடியாது. இந்தக் கணக்கைத் தாங்கும் பை இருப்பவருக்குத்தான் பபுளில் ஃபோல்டும் ஆல்-இன்னும் ஒரே மாதிரி தெரியும்.

ஆகவே பங்கை விற்கத்தான் வேண்டும். 85 சதவீதம் விற்றால் உங்கள் பணம் 15,000, பழகிய தொகை. வயிறெரியுமாம்! 2003-ல் லாஸ் வேகஸில் போக்கர் உலகத் தொடரின் 10,000 டாலர் போட்டியை வென்ற கிறிஸ் மனிமேக்கர் ஒரு கணக்காளர். 86 டாலர் கட்டிய ஆன்லைன் தகுதிப்போட்டி வழியாக உள்ளே வந்தவர். அப்படியும் தன் பங்கில் ஒரு பகுதியை அப்பாவுக்கும் நண்பருக்கும் விற்றிருந்தார். பரிசு 25 லட்சம் டாலர். நீங்கள் மட்டும் விற்க மாட்டீர்களாக்கும்.

விற்கும்போது வாய்ப்பேச்சு வேண்டாம். வரி உங்கள் பான் எண்ணில் பிடிபடும். ஆகவே வரி போக மிஞ்சுவதில்தான் பங்கு என்று முதலிலேயே எழுதி வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்புங்கள். தோற்றால் மறுபடி கட்டணம் கட்டி உள்ளே வரும் மறுநுழைவு உண்டா, அதில் யாருக்கு எவ்வளவு என்பதும் அதில் இருக்கட்டும். இதை எழுதாமல் போனவர்கள்தான் இரவு பத்து மணிக்கு கிரெடிட் கார்டைத் தேய்க்கிறார்கள்.

போன மாதம் மறுநுழைவு எடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சீட்டில் இன்னும் எத்தனை தவணை பாக்கி என்பதையும் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் இரண்டையும் எழுதுங்கள், கவனம் பற்றி அப்புறம் பேசலாம்.