கோழி ஷெட்டுக்குள் போனால் நெஞ்சு இறுக்குகிறது, என்ன செய்வது?

பல்லடம் பக்கத்தில் ஐயாயிரம் கறிக்கோழி வளர்க்கும் 38 வயது வாசகி எழுதியிருக்கிறார்: "ஆறு மாதமாக வறட்டு இருமல். ஷெட் தரையில் பரப்பியிருக்கும் தேங்காய் மஞ்சியைக் கிளறிய அன்று ராத்திரி நெஞ்சு இறுக்கி, விசில் மாதிரி சத்தம் வருகிறது. அம்மா வீட்டில் நாலு நாள் இருந்தால் சரியாகிவிடுகிறது. முன்பெல்லாம் வாடை கண்ணைக் கரிக்கும், இப்போது தெரிவதே இல்லை, அதனால் காற்று நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார் வீட்டுக்காரர். பத்து வயது மகனும் ஞாயிற்றுக்கிழமை கிளற வருகிறான். அவனுக்கும் வருமா?"

அம்மா வீட்டுக்குப் போனால் சரியாகிறது என்று எழுதினீர்களே, அதுதான் முக்கியமான வரி. வேலை செய்யும் இடத்தில் கூடி, விலகினால் குறைகிற இருமல் என்றால் முதலில் அந்தக் காற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும். உங்களுக்குத் தொழில்சார் ஆஸ்துமா இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் முடிவு கட்ட மாட்டேன்.

வாடை விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரர் சொல்வது தவறு. கோழி எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தை, மஞ்சி ஈரமானதும் பாக்டீரியாக்கள் அமோனியாவாக மாற்றுகின்றன. தினமும் அதையே சுவாசித்தால் மூக்கு மரத்துப்போகும், வாயு அப்படியேதான் இருக்கும். நான் ஒரு பண்ணைக்குள் போய் நின்றபோது இரண்டே நிமிடத்தில் கண்ணில் தண்ணீர் கொட்டியது, பக்கத்தில் நின்ற பண்ணைக்காரரோ ஒன்றும் தெரியாமல் பேசிக்கொண்டே இருந்தார். எட்டு மணி நேர வேலைக்குக் காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் அமோனியா கூடாது என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மார்கழிக் குளிரில் குஞ்சுக்காக ஷெட்டின் பக்கவாட்டுப் படுதாவை முழுக்க இறக்கிவிட்டால் அதைத் தாண்டுவது சுலபம்.

எனக்கு அதைவிடத் தூசி பற்றித்தான் கவலை. கிளறும்போது வெயில் விழுகிற பக்கம் பாருங்கள், என்னென்னவோ மிதக்கும்: காய்ந்த எச்சம், இறகுப்பொடி, தீவனத்தூள், பூஞ்சை வித்து, செத்த பாக்டீரியாவின் துணுக்குகள். கண்ணுக்குத் தெரிகிற தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், தெரியாததுதான் நுரையீரலின் அடிவரை இறங்குகிறது.

கிளறிய நாலைந்து மணி நேரத்தில் குளிரோடு காய்ச்சல், உடம்புவலி, மூச்சிரைப்பு வருகிறதா, எடை குறைகிறதா? அப்படி இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பறவைப் புரதத்துக்கு ஒவ்வாமையாகி நுரையீரலே அழற்சி அடைகிற நோய் ஒன்று உண்டு, அதைக் கவனிக்காமல் விட்டால் தழும்பு விழும், தழும்பு விழுந்த நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இருமல் இரண்டு வாரம் தாண்டினாலே காசநோய்க்கான சளிப் பரிசோதனை அவசியம், அரசு மருத்துவமனையில் இலவசம். அப்புறம் எக்ஸ்ரே, ஸ்பைரோமெட்ரி என்கிற மூச்சு ஊதிப் பார்க்கும் சோதனை. மூச்சு எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று காட்டும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்கி ஒரு நாளைக்கு நாலு வேளை ஊதி, இரண்டு மூன்று வாரம் நோட்டில் எழுதுங்கள். அம்மா வீட்டில் இருக்கும் நாட்களையும் சேர்த்து எழுதினால்தான் வித்தியாசம் தெரியும். இன்ஹேலர் கொடுத்தால் பயப்படாதீர்கள், பழக்கமாகிவிடும் என்பது வெறும் பயம். இருமல் டானிக் ஏதாவது குடித்துக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள்.

முகத்தில் துண்டு கட்டுவதால் நுண்தூசி நிற்காது. என்95 மாஸ்க், மூக்கோடு ஒட்டிப் பொருந்த வேண்டும். அதுவும் தூசிக்குத்தான், அமோனியாவைத் தடுக்காது, ஆகவே காற்றோட்டம்தான் வழி. கிளறும் முன் இரு பக்கப் படுதாவையும் ஏற்றிவிட்டுக் காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் ஒழுகும் இடத்தில் கட்டி கட்டியாக ஊறிப்போன மஞ்சியை அன்றன்றே அள்ளி வெளியே போடுங்கள். ஈர மஞ்சியில் சுண்ணாம்பு தூவுகிறவர்கள் நிறைய பேர், அது அந்த நேரத்துக்கு அமோனியாவை இன்னும் கிளப்பிவிடும், அதனால் கோழி இருக்கும்போது வேண்டாம். நோய் என்னவென்று தெரியும் வரை கிளறும் வேலையை வேறு யாராவது பார்க்கட்டும்.

மூச்சு வாங்கி ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் விடியும்வரை காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

மகனுக்கும் வருமா என்றால், வரும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பத்து வயதில் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, உங்களுக்கு ஆஸ்துமா என்று உறுதியானால் அவனுக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். தீவனக் கணக்கு எழுதட்டும், வெளியே தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கட்டும், கிளறும்போது மட்டும் ஷெட்டுக்குள் விடாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே.