ஆறாம் வகுப்பு அறிவியலுக்கு எந்த அலைவரிசை?

உங்கள் மகள் அறிவியல் கற்க எந்த யூடியூப் அலைவரிசை நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சியின் யூடியூப் அலைவரிசையில் தொடங்குங்கள். தமிழ்வழியில் 6-ஆம் வகுப்பு படிக்கும் உங்கள் மகளின் பாடநூலையே ஒட்டிப் பாடம் நடத்துகிறார்கள். செய்து பார்க்க, எளிய பொருள்களில் அறிவியல் பொம்மைகள் செய்து காட்டும் அரவிந்த் குப்தாவின் காணொளிகள். ஸ்ட்ராவும் பழைய காகிதமும் போதும், அவசியம் காட்டுங்கள்!

இரண்டு மணி நேரம் பார்த்தும் அவளுக்கு எதுவும் நினைவில் இல்லை என்கிறீர்கள். பெரும்பாலும் காரணம், ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் தானியங்கி ஓட்டம்தான் (autoplay). ஒன்று மனத்தில் தங்குவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. முதலில் அதை அணைத்துவிடுங்கள்.

பிறகு ஐந்தாவது நிமிடத்தில் நிறுத்தி, "என்ன பார்த்தாய், எனக்குச் சொல்லம்மா" என்று கேளுங்கள். சொந்தச் சொற்களில் சொல்கிறாளா? அந்த அலைவரிசையை வைத்துக்கொள்ளுங்கள். சொல்லத் தெரியாமல் விழித்தால் மாற்றுங்கள், எத்தனை லட்சம் பேர் பார்த்திருந்தாலும் சரி.

பதிவேற்றிய ஆண்டையும் பாருங்கள். தமிழக அரசின் 6-ஆம் வகுப்புப் புதிய பாடநூல் 2018-இல் வந்தது. அதற்கு முந்தைய காணொளிகள் பழைய பாடத்துக்கானவை.