கல்லூரியில் படிக்கும்போது கிரெடிட் கார்டு வாங்கலாமா?

சம்பளம் இல்லாத மாணவர் கார்டு வைத்துக்கொள்ளலாமா, எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். வைத்துக்கொள்ளலாம். ஆனால் பில்லைப் படிக்கத் தெரிந்த பிறகு. தெரியாமல் நான் பட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். நான் தஞ்சாவூரில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு வந்த பணத்தில் 25,000 ரூபாயை அம்மா என் பெயரில் டெபாசிட் செய்தார். வருமானம் இல்லாதவர்களுக்கு வங்கிகள் பெரும்பாலும் இப்படி டெபாசிட்டை ஈடாக வைத்துக்கொண்டுதான் கார்டு தரும். எனக்கும் தந்தார்கள். பில் தேதிக்குப் பத்து நாள் முன்னால் 18,000 ரூபாய்க்கு போன் வாங்கினேன்.

பில்லில் இரண்டு தொகை இருந்தது. மொத்தம் 18,000, குறைந்தபட்சம் 900. கெடு தேதியில் 900 கட்டிவிட்டு, இந்த மாதத்துக்கு முடிந்தது என்று இருந்துவிட்டேன். அடுத்த பில்லில் வட்டியும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 965 ரூபாய் ஏறியிருந்தது. நான் கட்டியதைவிட அதிகம்! மாதத்துக்கு மூன்றரை சதவீதம், அதாவது வருடத்துக்கு 42. அதுவும் கெடு தேதியிலிருந்து இல்லை, போன் வாங்கிய நாளிலிருந்தே கணக்கு. பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

பயந்துகொண்டே அப்பாவிடம் பில்லைக் காட்டினேன். திட்டவில்லை. ஆணியில் தொங்கிய மஞ்சள் பையிலிருந்து சொசைட்டி பாஸ்புக்கை எடுத்தார். "பயிர்க்கடனைக் கெடுவுக்குள்ள முழுசா கட்டினா வட்டி கிடையாது தம்பி. தவறினா போட்டுருவாங்க. இதுவும் அப்படித்தான் இருக்கு" என்றார். பிறகு காலண்டரில் என் கெடு தேதியைச் சிவப்பு மையால் வட்டம் போட்டார். வங்கி ஆப்பில் நான் தேடித் தேடிப் புரியாதது அந்த ஒரு நிமிடத்தில் புரிந்தது.

அன்றிலிருந்து கையில் இருக்கும் காசுக்குத்தான் கார்டைத் தேய்க்கிறேன். பில் தானாகக் கட்டப்பட ஆட்டோபே வைக்கும்போது 'மொத்தத் தொகை' என்பதையே தேர்ந்தெடுங்கள், பல ஆப்களில் குறைந்தபட்சத் தொகையும் பக்கத்திலேயே இருக்கும். லிமிட்டில் (கார்டில் செலவழிக்க வங்கி தந்த உச்சவரம்பில்) 30 சதவீதத்துக்குள் செலவை நிறுத்தினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பதிவு வைக்கும் சிபில் நிறுவனம் தரும் மதிப்பெண்ணுக்கு நல்லது. ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுக்கவே எடுக்காதீர்கள், கட்டணம் தனி, வட்டி அந்த நிமிடத்திலிருந்து. அப்புறம், நண்பனுக்காக உங்கள் கார்டில் பொருள் வாங்கிக் கொடுத்தால் கடன் உங்களுடையதுதான், வங்கிக்கு அவனைத் தெரியாது.

கெடு தவறிவிட்டால், மூன்று நாள் தாண்டிய பிறகுதான் தாமதக் கட்டணம் போடலாம், சிபிலுக்கும் சொல்லலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. மறந்துபோனவருக்கு அது உதவும், தள்ளிப்போட அதை நம்பாதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால் முதலில் கார்டைத் தேய்ப்பதை நிறுத்துங்கள். சரி, பணத்துக்கு எங்கே போவது? வீட்டில் சொல்லுங்கள். 42 சதவீத வட்டிக்கு அப்பாவின் கோபம் எவ்வளவோ பரவாயில்லை.